நிலையம் பேசிய ஒரே வசனம்

கீத்லி
3 நவம்பர் 1996

அன்புள்ள க்ளைவ்,

நம் ரசிகர் சங்கப் பத்திரிகை 'விளக்கொளி'யின் புது இதழ் நேற்று வந்தது. மால்டாவில் ஒரு தேவாலயத்துக் கீழறையில் படச்சுருள் கிடைத்திருக்கிறது, அது 'கடைக்கோடி விளக்கு' டிவி தொடரின் 1969 கிறிஸ்துமஸ் பகுதிதான் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். ஒளிபரப்பிய மறுவருஷமே டிவி கம்பெனிக்காரர்கள் அழித்துவிட்ட பகுதி. இருபத்தேழு வருஷமாக யாரும் கண்ணால் பார்க்காதது. படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் எட்டாம் பக்கத்தில் உங்கள் தலையங்கத்தைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. "நிலையம் தன் வரலாற்றில் பேசிய ஒரே வசனத்தை, காவலர் மெரிக்கிடம் அது சொன்ன அந்த அன்பு மொழியை, இனி நாம் கண்ணாலும் காணப்போகிறோம்." க்ளைவ், அது மெரிக் காவல் இருக்கிற அந்தப் பனிப்பிரதேச விளக்கு நிலையம் பேசிய வசனம் இல்லை. அது என் அம்மா. ஐவி ஹாக்ஸ்வொர்த், கீத்லி, பள்ளி நாடகத்தில்கூட நடிக்காத ஒரு சாதாரணப் பெண்மணி. அப்பா கொல்லைப்புறத்தில் புகை பிடிக்கப் போயிருந்தார். "கதவு தாழ் போடல கண்ணு. குளிருதுன்னா உள்ள வா" என்று சமையலறையிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுகிற சின்னச் சன்னல் ஒன்று உண்டு. அது வழியாக வந்ததால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. தொடரின் ஒலியை டேப்பில் பதிவு செய்ய, டிவி பெட்டிக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். எனக்குப் பதினொரு வயது.

இதை உங்களுக்கு 1979இலேயே எழுதினேன். நீங்கள் என் டேப்பைக் கேட்டு வசனங்களை எழுதி அச்சிட்ட அடுத்த வாரமே எழுதினேன். அதற்கப்புறமும் வருஷா வருஷம் கரடியாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை என் கடிதத்தை அச்சிட்டீர்கள், 'வாசகர் வேடிக்கை' பகுதியில்.

இப்போது படமே கிடைத்துவிட்டது. உங்களுக்கு இனி என் டேப் எதற்கு? அனுப்பிவிடுங்கள். நகல் வேண்டாம். உங்கள் நகலின் நகலின் நகல் என்னிடம் மூன்று இருக்கிறது, அதில் அம்மா குரல் இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கிறது. எனக்கு மூல டேப் சுற்றிய அந்த ஸ்பூலே வேண்டும். அம்மா செத்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. அவள் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதைத் திரும்பக் கேட்பது ஒன்றும் அநியாயமில்லையே.

பெவர்லி

*

ஹல்
9 நவம்பர் 1996

அன்புள்ள மிஸ் ஹாக்ஸ்வொர்த்,

நீங்கள் கோபமாக எழுதியிருப்பதால் நான் முழுப் பெயரில் ஆரம்பிக்கிறேன். அதுதான் மரியாதை.

உங்கள் டேப் பத்திரமாக இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில், அந்த டப்பா இரும்பு அலமாரியில், அலமாரி ஈரம் படாத மாடி அறையில். இருபத்தேழு வயதான டேப் அது. தபாலில் போட்டால் வழியில் எந்த மூட்டைக்கு அடியில் நசுங்கும், எந்த வண்டி எஞ்சின் பக்கத்தில் சூடாகும் என்று யாருக்குத் தெரியும்? நான் பஸ் கம்பெனியில் வேலை செய்கிறவன், பொட்டலங்கள் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வீட்டில் கூரை வேலை நடக்கிறது.

வசனத்தைப் பற்றி. உங்களுக்கு அப்போது பதினொரு வயது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த வயது ஞாபகத்தை நம்பி ஒரு தொடரின் வரலாற்றைத் திருத்த முடியாது. அந்தக் குரலில் எதிரொலி இருக்கிறது. நிலையத்தின் உட்சுவர் உலோகம், எதிரொலிக்கத்தான் செய்யும். அது யார்க்ஷயர் பேச்சில் பேசுகிறது என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள். தொடரின் மூன்றாவது பருவத்தில் நிலையத்தைக் கட்டிய பொறியாளர்கள் வடக்கத்திக்காரர்கள் என்று தெளிவாக வருகிறது. 'கண்ணு' என்ற சொல்லைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை நீங்கள் முழுதாகப் படித்ததில்லை என்று நினைக்கிறேன். அந்த ஒரு சொல்லால்தான் மெரிக் அதற்கப்புறம் நான்கு பருவம் அங்கேயே இருந்தார். வேறு எந்தக் காரணமும் பொருந்தவில்லை.

டிசம்பர் ஏழாம் தேதி லீட்ஸில் சங்கக் கூட்டத்தில் படத்தைத் திரையிடுகிறோம். வாருங்கள். உங்கள் காதாலேயே கேளுங்கள். அதன் பிறகு டேப்பைப் பற்றிப் பேசலாம்.

தங்கள் உண்மையுள்ள,
க்ளைவ் டாட்டர்சால்
ஆசிரியர், 'விளக்கொளி'

*

கீத்லி
15 நவம்பர் 1996

மிஸ்டர் டாட்டர்சால் அவர்களே,

கூரை வேலையா? போன வருஷம் உங்களுக்கு முதுகு வலி. அதற்கு முந்தின வருஷம் சாவி தொலைந்துவிட்டது. இந்தச் சாக்குப்போக்குகளை எல்லாம் சேர்த்து ஒரு சிறப்பிதழே போடலாம்.

கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி என் வீட்டில்தான் இருக்கிறார். பல் டாக்டரிடம் வரவேற்பு வேலையில் காலையெல்லாம் நின்றுவிட்டு வந்து, சாயங்காலம் அவரை மாடிப்படி ஏற்றி இறக்குவதே எனக்குப் பெரும்பாடு. சனிக்கிழமை முழுக்க அவரைத் தனியாக விட முடியாது.

உங்களுக்கு என் கோபம் புரிகிறதா என்று தெரியவில்லை, அதனால் வெளிப்படையாக எழுதுகிறேன். போன வாரம் டிவியில் விளம்பரம் பார்த்தேன். இந்த வருஷக் கிறிஸ்துமஸ் பகுதியில் நிலையம் மறுபடியும் பேசப்போகிறதாம். எழுதியவர் உங்கள் சங்கத்துப் பழைய உறுப்பினர்தானே? ஒரு நடிகை, பனிமூட்டம், வயலின், "கதவு தாழ் போடல கண்ணு." பல் டாக்டரிடம் வந்த ஒரு பெண் அதே வசனம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். "இது எங்கம்மா சொன்னது" என்றேன். "எங்கம்மாவும்தான் சொல்வாங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் என்ன செய்ய? வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தவளிடம் சண்டை போட முடியுமா?

நாடு முழுக்க அம்மாவின் வார்த்தையைச் சொல்கிறார்கள். என்னால் மட்டும் அதை அவள் வாயால் கேட்க முடியவில்லை. அம்மாவுக்கு உங்கள் தொடர் பிடிக்கவே பிடிக்காது என்பது இன்னொரு வேடிக்கை. அது ஓடும்போது ஒரு நாள்கூட அவள் கூடத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. "உங்க தகர டப்பா ஆளுங்க" என்பாள். அவளைப் போய் தகர டப்பாவாகவே ஆக்கிவிட்டீர்கள்.

பெவர்லி ஹாக்ஸ்வொர்த்

*

ஹல்
10 டிசம்பர் 1996

அன்புள்ள பெவர்லி,

இதை யாராவது உங்களுக்கு எப்படியும் சொல்லிவிடுவார்கள். நானே சொல்கிறேன்.

படத்தைத் திரையிட்டோம். தேவாலயத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கிறிஸ்துமஸ் காகிதக் கிரீடம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பொருளாளர் மேவிஸ் வசனம் அச்சிட்ட கோப்பைகளை வாசலிலேயே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தாள். படம் அருமையாக இருக்கிறது. கொஞ்சம் கீறல், ஒலி சுத்தம். மெரிக் வெளிவிளக்கைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வருகிறார். நிலையத்தின் கதவுக்கு முன்னால் நிற்கிறார். பனி கொட்டுகிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சில பேர் வசனத்தைக் கூடவே சொல்வதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

வசனம் வரவில்லை.

காற்றுச் சத்தம் மட்டும்தான். மெரிக் நிற்கிறார், நிற்கிறார், பிறகு உள்ளே போகிறார். அவ்வளவுதான். விளக்குப் போட்டதும் கூடத்தில் ஒரே கூச்சல்.

"வசனம் எங்கய்யா?" என்று ராட்னி எழுந்து நின்றான். அவன்தான் கையில் அதைப் பச்சை குத்திக்கொண்டவன்.

"வெட்டிட்டாங்க! மால்டாப் பாதிரியாருங்க வெட்டிட்டாங்க!" என்றாள் மேவிஸ்.

"கதவு தாழ் போடலங்கிறதுல வெட்டுறதுக்கு என்னம்மா இருக்கு?"

"ஆம்பளயப் பாத்துக் 'கண்ணு, உள்ள வா'ன்னு கூப்டுதில்ல? அவங்களுக்கு அது போதாதா?"

"படம் துண்டா ஓடலையே. வெட்டுன எடத்துல குதிக்கணுமே, குதிக்கலையே."

"சத்தத்த மட்டும் வெட்டிருப்பாங்க. நீ பேசாம உக்காரு ராட்னி. இருநூறு கோப்பை அடிச்சு வச்சிருக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் வெளிநாட்டுத் தணிக்கை ஒரு சாத்தியம் என்று சொன்னேன். சொன்னது தப்பில்லை, வெளிநாடுகளுக்குப் போன பல பகுதிகளில் வெட்டு விழுந்திருக்கிறது. அடுத்த இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதுவேன். அதுவரை பொறுமையாக இருங்கள். உங்கள் கருத்து சரியென்று இதனால் நிரூபணம் ஆகிவிடவில்லை.

க்ளைவ்

*

கீத்லி
14 டிசம்பர் 1996

க்ளைவ்,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான். படமே வந்து நின்று "வசனம் இல்லை" என்கிறது. நீங்கள் மால்டாப் பாதிரியார் மேல் பழி போடுகிறீர்கள்! பாவம் அந்த மனிதர்கள், உங்கள் படத்தை இத்தனை வருஷம் எலி கடிக்காமல் வைத்திருந்ததற்கு இதுதான் பரிசா? படம் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள், நான் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். சட்டையும் கோப்பையும் சொன்னால் நம்புவீர்கள்.

சரி, சாட்சிக்கு அப்பாவைக் கூப்பிடலாம் என்று அவரிடம் கேட்டேன். என் வாயாலேயே எனக்கு வினை தேடிக்கொண்டேன்.

"அப்பா, அந்த வருஷம் நீங்க கொல்லையில சிகரெட் பிடிச்சிட்டிருந்தீங்களே, அப்ப அம்மா உங்களக் கூப்ட்டாங்கல்ல?"

"நான் எங்கம்மா கொல்லைக்குப் போனேன்? கிறிஸ்துமஸ் அன்னிக்கா? ரெண்டு கிளாஸ் ஷெர்ரி உள்ள போயிருச்சுன்னா நான் கணப்புப் பக்கத்துல நாற்காலியில செத்த பொணம். உங்கம்மா என் மூக்கப் பிடிச்சு எழுப்புனாத்தான் உண்டு."

"அப்ப யாரக் கூப்ட்டாங்க?"

"எனக்கென்ன தெரியும்? பூனையா இருக்கும்."

எங்கள் வீட்டில் பூனை கிடையாது, க்ளைவ். எனக்கே இப்போது ஒன்றும் புரியவில்லை. அவள் அப்பாவைத்தான் கூப்பிட்டாள் என்று இத்தனை வருஷம் நான் சத்தியம் செய்திருப்பேன். நானும் அந்த டேப்பை அதிகம் கேட்டதில்லை. சின்ன வயசில் அந்த இடம் வந்தால் வேகமாக ஓட்டிவிடுவேன். படத்தைக் கெடுத்த இடம் என்று ஒரு எரிச்சல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. இருபது வயதில் உங்களிடம் கொடுத்துவிட்டேன். அப்போது அம்மா போய் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, கேட்கவே பயமாக இருந்தது. கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வாதத்தில் ஜெயிப்பதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் எதை வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள், கோப்பையோ, கம்பளியோ. எனக்கு அவள் குரல் வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன். இப்படி எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

பெவர்லி

*

ஹல்
19 டிசம்பர் 1996

அன்புள்ள பெவர்லி,

டேப்பை இத்துடன் அனுப்புகிறேன். பஸ் ஓட்டுநர் ஒருவர் என் நண்பர், அவரே கையோடு கொண்டுவந்து உங்கள் வீட்டில் கொடுப்பார். தபாலை நம்பவில்லை.

படப்பெட்டி ஜனவரி வரை என் பொறுப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். ஒரு பக்கம் படத்தை ஓட்டினேன், இன்னொரு பக்கம் உங்கள் டேப்பை ஓட்டினேன். இரண்டும் ஒன்றாக ஓடும்வரை பலமுறை நிறுத்தி நிறுத்திச் சேர்த்தேன். ஒலி மட்டும் இருந்த காலத்தில் அந்த இடத்தில் திரையில் என்ன நடக்கிறது என்று நம் யாருக்கும் தெரியாது. இப்போது தெரிகிறது.

மெரிக் கதவுக்கு முன்னால் நிற்கிறார். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறார். தட்டவில்லை, கையை இறக்கிக்கொள்கிறார். பனியில் அப்படியே நிற்கிறார். அந்த நடிகர் அங்கே எதுவும் செய்யவில்லை, முகத்தில் பனி விழ விட்டுவிட்டு நிற்கிறார், பார்க்கிறவனுக்கு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடலாம் போல இருக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் உங்கள் அம்மா பேசுகிறார்.

அவர் மெரிக்கிடம்தான் பேசினார், பெவர்லி. உங்கள் அப்பாவிடம் இல்லை. அந்தச் சின்னச் சன்னல் வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னது தவறு, நீங்கள் சொன்னதும் தவறு.

இன்னொன்று. அந்த வசனத்துக்கு அப்புறம் உங்கள் டேப்பில் ஒரு சத்தம் இருக்கிறது. ஊருக்குக் கொடுத்த நகல்களில் அதை நான் வெட்டிவிட்டேன். மால்டாப் பாதிரியார் செய்யாததை நான் செய்தேன். உங்களிடம் ஸ்பூலைத் தராமல் இத்தனை வருஷம் இழுத்தடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதைப் படித்ததும் என்னைத் திட்டத் தோன்றும். முதலில் கேளுங்கள், பிறகு திட்டுங்கள்.

நீங்கள் கேட்கப்போகிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அது ஏதோ ஒரு வீட்டு அம்மாவின் குரல் என்று முதல் தடவை கேட்டபோதே எனக்குத் தெரியும். 1978 கிறிஸ்துமஸுக்கு நான் வாடகை அறையில் இருந்தேன். வீட்டுக்காரி தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். என் அம்மா மறுமணம் செய்துகொண்ட இடத்தில் எனக்கு நாற்காலி இல்லை, அதை அவர்கள் நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். டின் சூப்பைச் சுடவைத்துக்கொண்டு உங்கள் டேப்பைப் போட்டேன். குளிருதுன்னா உள்ள வா என்றது. அது உங்கள் வீட்டில், உங்கள் ஆட்கள் யாருக்கோ சொன்னதென்றால் எனக்கு அதில் என்ன இருக்கிறது? நிலையம் சொன்னதென்றால், வெளியே நிற்கிற எவனுக்கும் சொன்னது. அதனால் அதை நிலையம் சொன்னது என்று எழுதினேன். பிறகு ஆயிரம் பேர் நம்பிவிட்டார்கள். அதில் நிறையப் பேர் என்னைப் போலத்தான். எனக்குப் பின்வாங்க வழி தெரியவில்லை.

திருத்தம் போடுகிறேன். எப்படிப் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், ஒரு எழுத்து மாற்றமாட்டேன்.

க்ளைவ்

*

கீத்லி
28 டிசம்பர் 1996

க்ளைவ்,

டேப் பத்திரமாக வந்தது. உங்கள் ஓட்டுநர் நண்பர் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். டீ குடிக்கச் சொன்னேன், பஸ் நிற்கிறது என்று ஓடிவிட்டார்.

ஸ்பூல் ஓட்டுகிற மெஷின் கிடைக்க நாயாக அலைந்தேன். கடைசியில் பல் டாக்டரின் மாமனார் பரணிலிருந்து ஒன்றை இறக்கிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவும் நானும் உட்கார்ந்து கேட்டோம்.

அம்மா பேசினாள். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அவளுக்கு அன்றைக்கு லேசாகச் சளி பிடித்திருந்திருக்கிறது, அது உங்கள் நகல்களில் தெரியவே இல்லை. அப்பா காதுக் கருவியைத் திருகித் திருகி, "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். அதற்கப்புறம் வந்ததும் கேட்டது.

"ஐயோ அம்மா, வாய மூடேன்! எல்லாத்தையும் கெடுத்துட்ட!"

அது நான். அந்தக் கீச்சுக் குரல் நான்தான். எனக்கு இது ஒரு துளிகூட ஞாபகம் இல்லை, க்ளைவ். டேப்பில் அதற்கப்புறம் சன்னல் கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நீங்கள் வெட்டியது இதைத்தான். என்னைக் காப்பாற்றுவதற்கு வெட்டினீர்களா, உங்கள் நிலையத்தைக் காப்பாற்றவா என்று கேட்க வந்தேன். இரண்டும்தான் என்று சொல்வீர்கள். விட்டுவிடுகிறேன். டேப்பைத் தராததற்கு மட்டும் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை, அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

1969இல் நான் பதிவு செய்த மெஷின், அன்று காலையில்தான் எனக்கு வந்த கிறிஸ்துமஸ் பரிசு. அம்மாதான் கடைக்குப் போய் வாங்கி வந்தாள். அதற்கப்புறம் அவள் இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் பதிவு செய்தேன், ஸ்பூல் எல்லாம் அட்டைப் பெட்டியில் இருக்கிறது. எங்காவது ஒரு இருமலாவது, ஒரு தட்டு மோதுகிற சத்தமாவது கேட்காதா என்று மறுநாள் முழுக்க எல்லாவற்றையும் ஓட்டினேன். ஒன்றுமே இல்லை. உங்கள் சங்கத்துக்காரர்கள் பார்த்தால் கொண்டாடுவார்கள், அவ்வளவு சுத்தமான பதிவு.

"அம்மா அந்த நேரத்துல வீட்டுலயே இருக்க மாட்டாங்களா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"எங்க போவா? சமையக்கட்டுலதான் நிப்பா."

"ஒரு சத்தமும் இல்லையேப்பா."

"செருப்பக் கழட்டி வச்சிருவா. குழாயத் திறக்க மாட்டா. பாத்திரம் எல்லாம் அப்படியே குவிஞ்சு கெடக்கும். நான் ஒரு தடவ கண்ணு முழிச்சு, 'என்ன ஐவி, நின்னுட்டே இருக்க'ன்னு கேக்க வாயெடுத்தேன். உதட்டுல விரல வச்சா."

"எதுக்கு நின்னாங்க?"

"எதுக்கா? படம் பாக்கத்தான். சன்னலக் கொஞ்சமா, ரெண்டு விரல் அளவு திறந்து வச்சுப் பாப்பா. முடிஞ்சதும் சாத்திருவா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவளுக்குப் பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நவம்பரில் உங்களுக்கும் அதையே எழுதினேன்.

சாயங்காலம் புதுப் பகுதியையும் பார்த்தோம். நடிகை வசனத்தைச் சொன்னாள். "இது யாரு? ஐவி இவ்ளோ இழுக்க மாட்டா" என்றார் அப்பா. அவர் சொல்வது சரி. அம்மா அதைச் சொல்லும்போது கையில் வேலை இருந்தது.

திருத்தத்தை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள், எனக்குத் தெரியும். மேவிஸ் கோப்பைகளை விற்கத்தான் போகிறாள், ராட்னி கையிலிருந்து அது போகப்போவதில்லை. விற்கட்டும், இருக்கட்டும். நிலையம் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் நினைத்துக்கொள்ளட்டும், அவர்களில் உங்களைப் போல எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பத்திரிகையில் டேப்பில் இருப்பதை இருக்கிறபடியே போடுங்கள். அம்மாவை மட்டும் போட்டு என்னை விட்டுவிடக் கூடாது. கீழே எழுதியிருப்பதை அப்படியே அச்சுக்குக் கொடுங்கள்.

மெரிக் கதவுக்கு முன்னால் நிற்கிறார். தட்டவில்லை.

ஐவி ஹாக்ஸ்வொர்த்: கதவு தாழ் போடல கண்ணு. குளிருதுன்னா உள்ள வா.

பெவர்லி ஹாக்ஸ்வொர்த்: ஐயோ அம்மா, வாய மூடேன்! எல்லாத்தையும் கெடுத்துட்ட!

ஐவி ஹாக்ஸ்வொர்த் சன்னலைச் சாத்துகிறார். இதற்குப் பின் வந்த எந்தக் கிறிஸ்துமஸ் பகுதியிலும் அவர் பேசவில்லை.

பெவர்லி